இரண்டு தட்டினால் போகலாம்

அரியலூர்
9-2-2025

அன்புள்ள சத்யாவுக்கு,

நீ நான்காம் வகுப்பு படித்தபோது என்னிடம் ஒரு கேள்வி கேட்டாய். உனக்கு மறந்திருக்கும். கல்லங்குறிச்சி பெருமாள் கோயில் தேர் பார்த்துவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றபடி கேட்டாய். "ஏம்ப்பா, எல்லார் வூட்லயும் அப்பா வண்டி ஓட்டுறாங்க, அம்மா பின்னாடி உக்காந்து வராங்க. நம்ம வூட்ல மட்டும் ஏன் மாத்தி?"

"உங்கம்மாகிட்டதானே லைசென்ஸ் இருக்கு" என்று சொல்லிச் சிரித்து அனுப்பிவிட்டேன். அது பதிலே இல்லை. மழை ஏன் பெய்கிறது என்று ஒரு பையன் கேட்டால், மேகம் இருப்பதால் பெய்கிறது என்று சொல்லி உட்கார வைப்பதைப் போன்றது அது. மறுபடி கேட்பாய் என்று நினைத்தேன். நீ கேட்கவில்லை.

உண்மையான பதில் இதுதான். நீ பிறப்பதற்கு முந்தைய வருடம், உன் அம்மாவின் டி.வி.எஸ். வண்டியை நான் ஓட்டிப் பழகினேன். சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரி ஒன்று எதிரே வந்தது. நம் ஊர் லாரிகளைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. நான் பயத்தில் ரோட்டு ஓரத்துக்கு ஒடிக்க, வண்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அடி ஒன்றும் பெரிதாக இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஆக்சிலேட்டரில் கை வைத்தால் கை நடுங்கும். கிராம சுகாதார நர்ஸாக உன் அம்மா தா.பழூர் பக்கம் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுப் போவாள். டீக்கடையில் இருப்பவர்கள், "வாத்தியாரே, டிக்கெட் எடுத்தாச்சா?" என்று கேட்பார்கள். உன் அம்மா வண்டியை நிறுத்தாமலே, "அவருதாங்க கண்டக்டர். நீங்க எடுத்துட்டீங்களா?" என்பாள்.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உன் அம்மாவின் பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு நீ என் போனை எடுப்பதில்லை. மாப்பிள்ளையிடம் கேட்டால், "எழுதுனா படிப்பா மாமா, பேச மாட்டா" என்கிறார். நேற்று கவர் வாங்கப் போனேன். தபால் ஆபீஸ் அம்மா, "என்னா சார், பொண்ணு வெளிநாட்டுலயா?" என்று கேட்டார்கள். பெரம்பலூர்தான் என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு மீதிச் சில்லறையைக் கொடுத்தார்கள்.

அம்மாவுக்குத் தெவசம் அடுத்த மாதம் வருகிறது. வா என்று நான் கட்டாயப்படுத்த மாட்டேன். ஆனால் உன்னிடம் கேட்க வேண்டியது ஒன்று எனக்கு இருக்கிறது. அதை நீ மட்டும்தான் சொல்ல முடியும். நீ பதில் எழுதினால் கேட்கிறேன்.

உன் அப்பா,
சாமிதுரை

*

பெரம்பலூர்
17-2-2025

அப்பா,

நான்காம் வகுப்பில் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் எதற்கு? போன வருடம் ஒரு கேள்வி கேட்டேனே, அதற்குப் பதில் சொன்னீர்களா? மருத்துவமனை வாசலில், எல்லார் முன்னாலும், "ஏம்ப்பா போனீங்க?" என்று கேட்டேன். நீங்கள் வாயைத் திறக்கவில்லை.

பிரஷருக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த அம்மாவை ராமேஸ்வரம் கூட்டிப்போவதாகச் சொன்னீர்கள். நானும் நம்பி முறுக்கு சுற்றிக் கொடுத்தேன். பிறகு போட்டோவைப் பார்த்தால் அந்தமானில் ஏதோ ஒரு தீவு. அம்மா ஹெல்மெட் போட்டுக்கொண்டு வாடகை வண்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். போன் செய்து சண்டை போட்டேன். "ராமேஸ்வரமும் தீவுதானேடி" என்று அம்மா சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்பி வந்து இரண்டு மாதத்தில் அம்மா படுத்துவிட்டார்கள். தீவுக்கும் பக்கவாதத்துக்கும் சம்பந்தமில்லை என்று டாக்டர் சொன்னார். அதை நானும் கேட்டேன். டாக்டருக்கு அம்மா ஒரு பெட் நம்பர்.

அதைக்கூட விட்டுவிடலாம். விட முடியாதது ஒன்று இருக்கிறது. திருச்சியில், அந்த மத்தியானம், அம்மாவுக்குப் பேச்சு போய் வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. இடது கை மட்டும்தான் உயிரோடு இருந்தது. அந்தக் கை உங்கள் உள்ளங்கையில் இருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா உங்கள் கையில் தட்டினார்கள். கூப்பிடுகிறார்கள் என்று எனக்கே தெரிந்தது. நீங்கள் எழுந்தீர்கள். கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சற்று நேரத்தில் அம்மா போய்விட்டார்கள். கீழே வண்டி நிறுத்துமிடத்தில் யாருடைய வண்டி மீதோ சாய்ந்துகொண்டு நின்ற உங்களை உங்கள் மாப்பிள்ளைதான் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தார்.

நாற்பது வருடம் பின்னால் உட்கார்ந்து போனவர், கடைசிக் கால்மணி நேரம் பக்கத்தில் உட்காரக் கூடாதா?

தெவசத்துக்கு நான் வரவில்லை. அம்மாவின் வண்டி இங்கே உறை போட்டு நிற்கிறது. அதை நான் எடுத்து வந்ததைப் பற்றி உங்களுக்கு வருத்தம் இருந்தால் சொல்லுங்கள், அனுப்பிவிடுகிறேன்.

சத்யப்பிரியா

*

அரியலூர்
23-2-2025

அன்புள்ள சத்யாவுக்கு,

வண்டி உன்னிடமே இருக்கட்டும். இங்கே நின்றால் நான் தினம் துடைப்பேன், அவ்வளவுதான்.

நீ கேட்டதற்குப் பதில் அந்தத் தீவில்தான் இருக்கிறது. அதனால் அதைச் சொல்லிவிட்டுத்தான் இதற்கு வர முடியும். கூட்டல் தெரியாத பிள்ளைக்குப் பெருக்கல் சொல்லிக்கொடுக்க முடியாதல்லவா? கொஞ்சம் பொறுமையாகப் படி.

ஓய்வு பெற்ற அன்று உன் அம்மாவுக்கு மாலை போட்டு, வேனில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். சாயங்காலம் மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டினாள். "எங்கயாச்சும் போயிட்டு வரலாமா?" என்று நான் கேட்டேன். காசி என்பாள், இல்லை திருப்பதி என்பாள் என்று நினைத்தேன். அவள் சொன்னாள், "எங்க போனாலும் ரோடு முடிஞ்சுபோற ஊருக்குப் போவணுங்க."

எனக்குப் புரியவில்லை. அவளே சொன்னாள். "ஒரு ஊருல ஊசி போட்டுட்டுக் கெளம்பினா, ரோடு அடுத்த ஊருக்குப் போவுது. அங்க ஒரு பொண்ணு மாசமா இருக்கா. அங்கேருந்து இன்னொரு ஊரு. இத்தன வருசத்துல இந்த ரோடு எங்கயுமே முடியலீங்க. முடியுற ரோட்டுல ஒரு நாளு ஓட்டிப் பாக்கணும்."

அப்படித்தான் நீல் தீவுக்குப் போனோம். ராமேஸ்வரம் என்று உன்னிடம் சொல்லலாம் என்றது அவள்தான். "தெரிஞ்சா சத்யா விட மாட்டா. அவளுக்குப் பயம் ஜாஸ்தி, உங்கள மாதிரி" என்றாள். வேண்டாம் என்று நான் சொல்லியிருக்கலாம்.

கப்பல் துறைக்குப் பக்கத்தில் வாடகைக்கு வண்டி விடும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரர் தமிழர், பழனிவேல் என்று பெயர். சாவியை என் பக்கம் நீட்டி, "ஐயா, லைசென்ஸ்?" என்றார். உன் அம்மா தன் லைசென்ஸை மேசை மேல் வைத்தாள். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப ஐயா?" "ஐயா கண்டக்டருங்க" என்றாள். அவர் சிரித்துவிட்டு, இருப்பதிலேயே புது ஹெல்மெட்டாகப் பார்த்து எனக்குக் கொடுத்தார்.

இந்தக் கண்டக்டர் விஷயத்தை நீ வெறும் கேலி என்று நினைத்திருப்பாய். அதில் ஒரு ஏற்பாடு இருந்தது. காற்றில், ஹெல்மெட்டுக்குள், பின்னால் இருந்து பேசினால் அவளுக்குக் கேட்காது. ஒருநாள் நான் ஏறுவதற்குள் கிளம்பி அரைக் கிலோமீட்டர் போய்விட்டாள். திரும்பி வந்து, "இனிமே தட்டுங்க" என்றாள். பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் கொடுத்தால் நிற்கும், இரண்டு விசில் கொடுத்தால் கிளம்பும் இல்லையா, அதே கணக்கு. தோளில் ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் நான் உட்கார்ந்துவிட்டேன், போகலாம். இதைத் தவிர வண்டியில் எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது. சண்டை போட்ட நாட்களிலும் அது மட்டும் நின்றதில்லை.

தீவு சின்னது. தென்னையும் பாக்கும் வாழையும். நடுவில் நெல் வயல். அவள் வண்டியை மெதுவாக்கி, "கடலைத் தாண்டி வந்தும் நாத்துதான் பாருங்க. தா.பழூருக்கே போயிருக்கலாம் போலருக்கே" என்றாள். பிறகு ரோடு ஒரு திருப்பம் திரும்பியது. மணல் வந்தது. மணலுக்கு அப்பால் தண்ணீர். இஞ்சினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள். "முடிஞ்சிருச்சு" என்றாள். நாள் முழுக்க உழைத்துவிட்டு வீட்டுக்கு வந்து உட்காரும் ஆளின் குரல் அது.

வண்டியைத் திருப்பி இன்னொரு ரோட்டில் போனோம். அதுவும் கடலில் போய் நின்றது. "இதுவும் முடிஞ்சிருச்சு" என்று சிரித்தாள். மூன்று நாளும் இதே வேலைதான். ஒரு ரோட்டையும் விடவில்லை. தண்ணீர் வடிந்த நேரத்தில் ஒரு கரையில் பாறை பாறையாக வெளியே தெரிந்தது. உற்றுப் பார்த்தால் பாறை முழுக்கச் சங்கு, சிப்பி, பவளத்தின் எலும்பு. குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, "நம்மூரு லாரில போற கல்லுங்க இது. இன்னும் ஈரம் காயல" என்றாள். நம் ஊரும் ஒருகாலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது என்று எத்தனையோ வகுப்பில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்குச் சொல்லத் தெரிந்ததில்லை.

மூன்றாம் நாள் ஒரு தென்னந்தோப்புக்குள் போகும் மண்பாதையில் நிறுத்தினாள். ஆள் நடமாட்டமே இல்லை.

"எறங்குங்க. முன்னாடி வாங்க."

"எனக்கு வேணாம்."

"ஏங்க, இது தீவுங்க. எந்தப் பக்கம் போனாலும் கடல்தான் வந்து தடுக்கும். லாரி வராது. வாங்க."

உட்கார்ந்தேன். அவள் முதல்முறையாக எனக்குப் பின்னால் உட்கார்ந்தாள். என் தோளில் இரண்டு தட்டு விழுந்தது. அத்தனை வருடம் நான் கொடுத்த தட்டு, அன்றுதான் அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்தது. திருகினேன். வண்டி போனது, சத்யா. பத்துத் தென்னைமரம் தாண்டியிருப்பேன். அவள் இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவ்வளவுதான், மணலில் சாய்ந்தோம். எழுந்திருக்காமல் கிடந்தபடியே சிரித்தாள்.

"திரும்பிப் பாக்காதீங்க. நான் இருக்கேனான்னு பாக்கத்தானே திரும்புறீங்க? ரெண்டு தட்டிட்டேன்னா போயிட்டே இருங்க."

"நடுவுல நீ எறங்கிட்டா எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது. அப்பவும் நீங்க போயிட்டே இருங்க. திரும்புனீங்கன்னா வுழுந்துடுவீங்க."

மறுபடி ஓட்டினேன். தோப்பு முடியும்வரை, மணல் வரும்வரை திரும்பவில்லை.

இப்போது திருச்சிக்கு வருகிறேன். அவள் கை என் உள்ளங்கையில் இருந்தது. தட்டினாள். இரண்டு. அது கூப்பிடுவது இல்லை. எனக்கு அவள் தட்டு தெரியும். போங்க என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால் விழுந்துவிடுவேன் என்று தெரிந்துதான் பார்க்காமல் போனேன். கால் தானாக வண்டிகள் நிற்கும் இடத்துக்குப் போய்விட்டது. நீ வாசலில் கேட்டபோது, இதையெல்லாம் எப்படி ஒரு வரியில் சொல்வது? சொன்னாலும் அன்று நீ கேட்டிருப்பாயா?

ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இரண்டாவது தட்டு உண்மையிலேயே விழுந்ததா? அவள் கை பலவீனமாக இருந்தது. ஒன்று மட்டும் விழுந்து, மற்றதை என் பயம் சேர்த்துக்கொண்டதா? ஒன்று என்றால் நிற்கச் சொல்லியிருக்கிறாள், நான் நிற்காமல் போயிருக்கிறேன். வருடம் முழுக்க உள்ளங்கையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறேன். என் கையை நானே சாட்சி கேட்பதில் பயனில்லை.

நீ பார்த்துக்கொண்டு நின்றாய். எத்தனை தட்டு, சத்யா? என் மனசுக்காகக் கூட்டிச் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே.

உன் அப்பா

*

பெரம்பலூர்
20-3-2025

அப்பா,

உங்கள் கடிதம் வந்து மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. தெவசத்துக்கு அவர் மட்டும் வந்தார். திரும்பி வந்து, "மாமா தானே சமைச்சு எல போட்டாரு. சாம்பார்ல உப்பே இல்ல, யாரும் சொல்லல" என்றார். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

இரண்டுதான் அப்பா. நன்றாகப் பார்த்தேன். முதல் தட்டு லேசாக, இரண்டாவது கொஞ்சம் அழுத்தி. நீங்கள் சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள்.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நான்கு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே என்று எழுதிவிட்டீர்கள். மீதியையும் சொல்கிறேன்.

நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு போனதும் நான் ஓடிவந்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தேன். அம்மாவின் கை வெறும் விரிப்பு மேல் கிடந்தது. உங்கள் கை இருந்த இடத்தில் என் கையை வைத்துவிட்டு, உங்களைக் கூப்பிட எழுந்தேன். கையை எடுப்பதற்குள் என் உள்ளங்கையில் ஒரு தட்டு விழுந்தது. ஒன்றே ஒன்று. அடுத்தது வரும் என்று பார்த்தேன். வரவில்லை. ஏன் என்று தெரியாமலே மறுபடி உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு அம்மா எதுவும் செய்யவில்லை.

உங்களைத்தான் தேடுகிறார்கள் என்று நினைத்தேன். வருடம் முழுக்க அப்படித்தான் நினைத்தேன். உங்கள் மேல் எனக்கு வந்த கோபத்தில் பாதி இதுதான். மீதிப் பாதி என் மேல். நான் எழுந்து ஓடியிருந்தால் நீங்கள் படிக்கட்டில்தான் இருந்திருப்பீர்கள். கூட்டிவந்திருக்கலாம். உட்கார்ந்துவிட்டேனே.

இப்போது நீங்கள் எழுதியதைப் படித்த பிறகு இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஒன்று என்றால் நில். அம்மாவால் கண்ணைத் திறக்க முடியவில்லை. கை மாறியது அவர்களுக்குத் தெரிந்ததா? போன உங்களை நிற்கச் சொன்னார்களா, எழுந்த என்னை நிற்கச் சொன்னார்களா?

அந்த ஒரு தட்டு யாருக்கு அப்பா?

சத்யா

*

அரியலூர்
23-3-2025

அன்புள்ள சத்யாவுக்கு,

உன் கடிதத்தை நேற்று மத்தியானம் வாசலில் நின்றபடியே படித்தேன். பிறகு உள்ளே போய் உட்கார்ந்து படித்தேன். நீ கிழித்துப்போட்ட நான்கையும் எனக்கு அனுப்பாமல் இதை அனுப்பியதற்கு உனக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

இரண்டுதான் என்று நீ எழுதிய வரிக்குப் பிறகு, வலது கையை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். இனி அதைத் தட்டிப் பார்க்க மாட்டேன்.

யாருக்கு என்று கேட்டிருக்கிறாய். எனக்குத் தெரியாது. உனக்குத்தான் என்று எழுதிவிடலாம். நீ நிம்மதியாகத் தூங்குவாய். ஆனால் முப்பத்து நான்கு வருடம் கரும்பலகை முன் நின்றவன், தெரியாததைத் தெரியும் என்று எழுதினால் சாக்பீஸ் உடைந்துவிடும். நான்காம் வகுப்பில் உன்னை ஏமாற்றியது போதும்.

எனக்குத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன். ஜெயங்கொண்டம் போகும் பஸ்ஸை நினைத்துக்கொள். கண்டக்டர் ஒரு விசில் ஊதுகிறார். டிரைவர் பிரேக்கில் கால் வைக்கிறார். அதே விசிலைக் கேட்டு, இறங்க வேண்டியவள் கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்திருக்கிறாள். நிறுத்தத்தில் நிற்பவன் பீடியைப் போட்டுவிட்டு முன்னால் வருகிறான். விசில் யாருக்கு என்று கண்டக்டரைக் கேட்டால் அவரே யோசிப்பார். கேட்டவர்கள் ஆளுக்கு ஒன்று செய்தார்கள். அதுதான் நமக்குத் தெரிந்தது.

அந்தத் தட்டு எனக்கு என்றால், எனக்கு அது கேட்கவில்லை. நான் கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தேன். அதை நான் வைத்துக்கொள்கிறேன். இரவில் சிலநேரம் எழுப்பும். எழுப்பட்டும். ஆனால் விழுந்தது உன் கையில். எழுந்தவள் நீ. ஒரு தட்டுக்கு என்ன செய்ய வேண்டும் என்று யாரும் சொல்லித்தராமலே உட்கார்ந்தாய். உன் அம்மா கிளம்பியபோது பக்கத்தில் ஆள் இருந்தது. அதற்காக உன் மேல் நீயே கோபப்படாதே. நீயும் என்னைப் போல ஓடிவந்திருந்தால், அவள் கை வெறும் விரிப்பில் கிடந்திருக்கும்.

நாம் இருவரும் ஒரே நேரத்தில் அவள் சொன்னபடி நடந்திருக்கிறோம் என்றுகூட நினைத்துப் பார்க்கிறேன். ஒருவனைப் போகச் சொன்னாள், ஒருத்தியை இருக்கச் சொன்னாள். நினைத்துப் பார்க்கிறேன் என்றுதான் எழுதியிருக்கிறேன். அதைக் கவனி.

தெவசத்துச் சாம்பாரைப் பற்றி மாப்பிள்ளை சொன்னது சரி. உப்பு மட்டுமில்லை, புளியும் போடவில்லை.

வண்டியைப் பற்றி ஒன்று. ஒரு வருடம் உறைக்குள் நின்ற வண்டியை அப்படியே எடுக்கக் கூடாது. பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றச் சொல். டயரில் காற்று பார்க்கச் சொல். உன் அம்மா லைசென்ஸ் எடுத்த வயதைவிட உனக்கு இப்போது வயது அதிகம், உன்னிடம் லைசென்ஸும் இருக்கிறது. அரியலூர் வரை வா என்று நான் எழுதவில்லை. நம் ரோட்டில் லாரிகள் இருக்கின்றன, அது எப்போது உன்னால் முடியுமோ அப்போது. தெரு முனை போதும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நீ முன்னால் உட்கார்ந்து, மாப்பிள்ளையைப் பின்னால் உட்கார வைத்துக்கொள். தோளில் இரண்டு தட்டு விழும்வரை ஆக்சிலேட்டரைத் திருகாதே.

உன் அப்பா